செந்நாய் ஏன் அவ்வளவு அவசரமாகத் தின்கிறது?

புலி மானைப் பிடித்தால் குரல்வளையைக் கவ்வி மூச்சை அடக்கும். மான் அடங்கிய பிறகுதான் வாய் வைக்கும். செந்நாய்க்கு அந்தப் பொறுமை கிடையாது. ஓடுகிற மானின் பின்தொடையையும் அடிவயிற்றையும் கிழித்து, குடல் சரிந்து அது விழும்போதே தின்ன ஆரம்பித்துவிடும். இதைப் பார்த்த வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் செந்நாயைக் கொடூரப் பிராணி என்று எழுதிவைத்தார்கள். கொன்று கொண்டுவந்தவர்களுக்கு அரசாங்கமே பரிசுப் பணம் கொடுத்தது. கொடூரம் என்பது மனிதன் போட்ட கணக்கு. செந்நாய்க்கு வேறு கணக்கு இருக்கிறது.

வளர்ந்த செந்நாயின் எடை 12 முதல் 20 கிலோ, தெருநாயைவிடப் பெரிதில்லை. அது துரத்தும் ஆண் புள்ளிமானோ 70, 80 கிலோ இருக்கும். கடமான் கிடா 200 கிலோவையும் தாண்டும். அந்தக் கழுத்தை நெரித்துக் கொல்ல இந்தச் சின்ன வாய் போதாது. அதனால் பல வாய்கள் பல இடங்களில் ஒரே சமயத்தில் வேலை செய்கின்றன. ஒன்று மானின் மூக்கைக் கவ்வித் தொங்கும். மற்றவை பின்பக்கமாகப் பாயும். இரத்தம் போய், அதிர்ச்சியில் மான் சாகிறது. பார்க்கக் கஷ்டமான காட்சிதான். ஆனால் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

புதர் மண்டிய காட்டில் துரத்தும்போது கூட்டம் சிதறிப்போகும். ஒன்றையொன்று கண்ணால் பார்க்க முடியாது. அப்போது செந்நாய்கள் சீழ்க்கை அடிக்கும். நாய்க் குடும்பத்து விலங்கிடமிருந்து வருகிற சத்தம் என்றே நம்ப முடியாது. அந்த ஒலியைப் பிடித்துத்தான் கூட்டம் மறுபடி ஒன்றுசேரும்.

இரை விழுந்ததும் பல்லின் வேலை தொடங்குகிறது. வீட்டு நாய்க்கு 42 பல், செந்நாய்க்கு 40. கீழ்த்தாடையில் இருபுறமும் கடைசிக் கடைவாய்ப்பல் ஒவ்வொன்று கிடையாது. அதைவிட முக்கியமான வேறுபாடு, இறைச்சியை அறுக்கும் பெரிய கீழ்க் கடைவாய்ப்பல்லில் இருக்கிறது. வீட்டு நாய்க்கும் நரிக்கும் அந்தப் பல்லின் முன்பாதி அரிவாள்மணை, பின்பாதி அம்மி: இரண்டு மேடுகளும் நடுவில் பள்ளமுமாக அரைக்கத் தோதாக இருக்கும். செந்நாய்க்குப் பின்பாதியிலும் ஒற்றை மேடுதான்; அதுவும் கூராக நிற்கிறது. முழுப் பல்லுமே அறுக்கும் கருவி. பழம், பூச்சி என்று கிடைத்ததை அரைத்துத் தின்னும் வசதியைக் கொடுத்துவிட்டு, இறைச்சியை வேகமாகத் துண்டாக்கும் திறனை வாங்கிக்கொண்டிருக்கிறது. இதே அமைப்பு ஆப்பிரிக்கக் காட்டுநாய்க்கும் தென்னமெரிக்கப் புதர்நாய்க்கும் உண்டு. அவையும் கூட்டமாக வேட்டையாடி இறைச்சியே பிரதானமாகத் தின்பவைதான்.

வேகம் எதற்கு? முதுமலையிலும் பந்திப்பூரிலும் அதே மானுக்குப் புலியும் சிறுத்தையும் போட்டியாக இருக்கின்றன. இரத்த வாடை பிடித்துப் புலி வந்துவிட்டால் செந்நாய் விலகித்தான் ஆக வேண்டும். எதிர்த்து நின்று செத்தவையும் உண்டு. காட்டோர மக்களும் செந்நாய் அடித்த மானை எடுத்துப்போவது பழைய வழக்கம். வயிற்றுக்குள் போனது மட்டும்தான் சொந்தம். 1970களில் பந்திப்பூரில் செந்நாய்களைக் கால்நடையாகவே தொடர்ந்து ஆராய்ந்த ஏ.ஜே.டி. ஜான்சிங்கின் பதிவுகளுக்குப் பிறகுதான் இந்த வாழ்க்கைமுறை துலங்க ஆரம்பித்தது.

இவ்வளவு அவசரத்திலும் செந்நாய்கள் தங்களுக்குள் பெரிதாகச் சண்டை போடுவதில்லை. கூடவே வரும் அளவுக்கு வளர்ந்த குட்டிகளை முதலில் தின்ன விடுகின்றன. வளையில் இருக்கும் சிறு குட்டிகளுக்கும் காவலிருக்கும் தாய்க்கும் மற்றவை இறைச்சியை வயிற்றில் சுமந்து வந்து கக்கிக் கொடுக்கும்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் பரிசுப் பணம் நின்றது. ஆனாலும் உலகம் முழுவதும் இனப்பெருக்க வயதிலுள்ள செந்நாய்கள் 949 முதல் 2,215 வரைதான் இருக்கும் என்று 2015இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் மதிப்பிட்டது. காடு துண்டாவதும் மான்கள் குறைவதும் தெரிந்த காரணங்கள். அதிகம் பேசப்படாதது நோய். காட்டோர ஊர்நாய்களிடமிருந்து டிஸ்டெம்பர், பார்வோ, வெறிநோய் ஆகியவை தொற்றலாம். ஒரே இரையில் வாய் வைத்து, கக்கியதைப் பகிர்ந்து, ஒரே இடத்தில் மலம் கழிக்கும் பழக்கமுள்ள கூட்டத்தில் ஒன்றுக்கு நோய் வந்தால் மற்றவை தப்புவது கடினம். புலிகள் காப்பகத்தை ஒட்டிய கிராமங்களில் ஊர்நாய்களுக்குத் தடுப்பூசி போடுவது செந்நாய்க்கும் சேர்த்துச் செய்கிற வேலை.