ஃபிரெட்டுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சுருதி

லீட் கிட்டார் கற்பவர்கள் பெரும்பாலும் முதலில் துரத்துவது வேகத்தை. மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) 80-இலிருந்து 160-க்கு ஏற்றிவிட்டால் சோலோ (தனி வாசிப்பு) தானாக வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். கேட்பவர் காதில் முதலில் உறுத்துவது வேறு. வளைத்த ஸ்வரம் போய்ச் சேரவேண்டிய சுருதிக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிடுவது. ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டையில்) விரல் வைத்து வாசிக்கும் ஸ்வரத்துக்குச் சுருதியைக் கருவியே பார்த்துக்கொள்கிறது. கம்பியைப் பக்கவாட்டில் தள்ளும் அந்த நொடியில், அதாவது பெண்ட் செய்யும்போது, சுருதி முழுக்க உங்கள் பொறுப்பு. சோலோவைத் தேற்ற ஒன்றே ஒன்றில் உழைக்க நேரம் இருக்கிறது என்றால், அந்த நேரத்தை இதற்குக் கொடுங்கள்.

கம்பியின் அதிர்வெண்ணைத் தீர்மானிப்பவை மூன்று: அதிரும் நீளம், இழுவிசை, ஒரு அலகு நீளத்தின் எடை. ஃபிரெட்டில் அழுத்தும்போது நீளம் குறைகிறது. பக்கவாட்டில் தள்ளும்போது நீளம் கிட்டத்தட்ட அப்படியே இருக்க, இழுவிசை கூடுகிறது. அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் கணக்கு நாம் எதிர்பார்ப்பதைவிடக் கனமாகிறது. அரை டோன் (ஒரு ஃபிரெட் இடைவெளி) ஏற அதிர்வெண் 5.9 சதவீதம் கூடினால் போதும். அதற்கு இழுவிசை 12 சதவீதம் கூட வேண்டும். முழு டோனுக்கு 26 சதவீதம். ஒன்றரை டோனுக்கு 41 சதவீதம்.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. கம்பியைத் தள்ளும் தூரமும் அது நீளும் அளவும் ஒரே விகிதத்தில் கூடுவதில்லை. நீட்சி, தள்ளிய தூரத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது. ஃபெண்டர் வகை கிட்டாரில் நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் பள்ளக்கட்டை) பிரிட்ஜ் வரை (உடல் பக்கம் கம்பிகள் தங்கும் இடம்) 648 மில்லிமீட்டர். அதில் 2-ஆவது கம்பியை (மிக மெல்லியது 1-ஆவது, மிகத் தடித்தது 6-ஆவது) 12-ஆவது ஃபிரெட்டில் முழு டோன் வளைக்கக் கணக்குப்படி சுமார் 15 மில்லிமீட்டர் தள்ள வேண்டும். முதல் அரை டோனுக்கே அதில் 10 மில்லிமீட்டர் போய்விடுகிறது; அடுத்த அரை டோன் வெறும் 5 மில்லிமீட்டரில் வந்துவிடுகிறது. இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால், தள்ளத் தொடங்கும் முதல் மில்லிமீட்டர் சுருதியை ஏறத்தாழ 1 சென்ட்தான் அசைக்கிறது (அரை டோனை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு 1 சென்ட்). கடைசி மில்லிமீட்டரோ 24 சென்ட் அசைக்கிறது.

பழகுபவர்களின் பெண்ட் ஏன் பாதியில் தொங்குகிறது, அல்லது ஏன் திடீரென்று தாண்டிப் போகிறது என்பதற்கான விடை இதில் இருக்கிறது. தொடக்கத்தில் விரல் நகர்ந்துகொண்டே இருக்கும், சுருதி அசையாது. பிறகு விரல் இம்மி நகர்ந்தாலும் சுருதி ஓடும். ஆகவே ‘இவ்வளவு தூரம் தள்ள வேண்டும்’ என்று விரலுக்குப் பாடம் சொல்வதில் பயனில்லை. சேரவேண்டிய ஸ்வரத்தைக் காது முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். கடைசி இரண்டு மில்லிமீட்டரைக் காதுதான் நடத்த வேண்டும்.

கம்பிக்குக் கம்பி வேறு வேறு கணக்கு

அதே 12-ஆவது ஃபிரெட்டில் முழு டோன் ஏற்ற, 1-ஆவது கம்பிக்குச் சுமார் 20 மில்லிமீட்டர், 2-ஆவதற்கு 15, 3-ஆவதற்கு 12 மில்லிமீட்டர் தேவைப்படுகிறது. தடித்த 3-ஆவது கம்பிக்குத்தான் குறைந்த தூரம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மூன்றும் ஒரே எஃகு. ஆனால் 3-ஆவது கம்பி 196 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, 1-ஆவது கம்பி 330 ஹெர்ட்ஸில். தாழ்ந்த சுருதியில் நிற்கும் கம்பி தன் தடிமனுக்குக் குறைவாகவே இழுபட்டிருக்கிறது. அதனால் சிறிய நீட்சிகூட அதன் இழுவிசையைப் பெரிய விகிதத்தில் கூட்டிவிடுகிறது. 3-ஆவது கம்பியில் பெண்ட் அடிக்கடி தாண்டிப் போவதும், சாதாரணமாக அழுத்தும்போதே அந்தக் கம்பி சுருதி ஏறி ஒலிப்பதும் இதே காரணத்தால்தான். நிஜக் கருவியில் நட்டுக்கு அப்பால் ட்யூனிங் கீ வரை உள்ள கம்பியும் சேர்ந்து நீளும். ஆகவே மேலே சொன்ன தூரங்கள் சற்றுக் கூடும். விகிதம் மாறாது.

பலம் எவ்வளவு வேண்டும்? 9-42 செட்டில் (1-ஆவது கம்பி 0.009 அங்குலம், 6-ஆவது 0.042 அங்குலம்) 2-ஆவது கம்பியின் தடிமன் 0.011 அங்குலம், இழுவிசை சுமார் 5 கிலோ. 12-ஆவது ஃபிரெட்டில் முழு டோனுக்கு விரல் தரவேண்டிய பக்கவிசை ஏறத்தாழ 600 கிராம். அதே பெண்டை 1-ஆவது ஃபிரெட்டில் செய்தால் தூரம் 7 மில்லிமீட்டராகக் குறையும், விசையோ 1.2 கிலோவுக்கு மேல் போய்விடும். நட் பக்கத்தில் கம்பி செங்குத்தான கோணத்தில் மடிவதால் இப்படி. எனவே பழகும் இடம் 7-இலிருந்து 12-ஆவது ஃபிரெட் வரை. 1-ஆவது, 2-ஆவது ஃபிரெட்டில் முயன்று ‘எனக்கு விரலில் பலமில்லை’ என்று சோர்ந்துபோகத் தேவையில்லை.

9 செட்டிலிருந்து 10 செட்டுக்கு மாறினால் 1-ஆவது கம்பியின் இழுவிசை 23 சதவீதம் கூடும். தள்ளவேண்டிய தூரம் மாறாது, விசை மட்டும் கூடும். கிட்டார் முழுவதையும் அரை டோன் இறக்கி ட்யூன் செய்தால் இழுவிசை 11 சதவீதம் குறையும். தூரமும் கொஞ்சம் குறையும். அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் 0.013 அங்குலம் வரை தடித்த 1-ஆவது கம்பியை வைத்துக்கொண்டு அப்படி வளைத்ததில் அரை டோன் இறக்கிய ட்யூனிங்குக்கும் பங்கு உண்டு.

1950-களில் கடையில் விற்ற செட்டுகளில் 3-ஆவது கம்பி சுற்றுக்கம்பியாக வந்தது. அதில் எடையைத் தருவது மேலே சுற்றிய கம்பி. இழுவிசையைத் தாங்குவதோ நடுவிலுள்ள மெல்லிய இழை. அந்த இழை ஏற்கெனவே கடுமையாக இழுபட்டிருப்பதால் எவ்வளவு தள்ளினாலும் சுருதி சோம்பலாகத்தான் ஏறும். ஜேம்ஸ் பர்ட்டன் போன்ற அமெரிக்கக் கிட்டார் கலைஞர்கள் பான்ஜோ கம்பிகளை எடுத்து மாட்டினார்கள். 1962-இல் கம்பி வியாபாரி எர்னி பால் மெல்லிய ‘ஸ்லிங்கி’ செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு இது எல்லோர் கைக்கும் எட்டியது. ராக் கிட்டாரின் அந்த அழுகுரலுக்குப் பின்னால் கம்பி வியாபாரத்தின் இந்த மாற்றமும் இருக்கிறது. நம் பக்கத்திலும் இதற்கு ஓர் இணை உண்டு: மாண்டலின் யூ. ஸ்ரீனிவாஸ் மின்மாண்டலினில் இரட்டைக் கம்பிகளை ஒற்றையாக்கிக்கொண்டார். ஜோடிக் கம்பியைச் சேர்த்துத் தள்ளிக் கமகம் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று ஒருமுறை முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கை செய்யவேண்டியது

மோதிர விரலை ஸ்வரத்தின் மேல் வையுங்கள். நடுவிரலும் ஆள்காட்டி விரலும் அதே கம்பியில் பின்னால் உள்ள ஃபிரெட்டுகளில் துணைக்கு நிற்கட்டும். கட்டைவிரல் கழுத்தின் மேல் விளிம்பைப் பற்றியிருக்க, ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி கழுத்தின் கீழ் விளிம்பில் முட்டுக்கொடுக்க வேண்டும். இனி விரல்களை மடக்கித் தள்ளாதீர்கள். பூட்டில் சாவி திருப்புவதுபோல முன்கையைத் திருப்புங்கள். மூன்று விரலும் ஒரே பிடியாகத் திரும்பும். விரல் மூட்டுகள் தாங்காத 600 கிராம், முன்கைக்கு ஒன்றுமே இல்லை. மேல் சுருதியில் ஒலிக்கும் 1, 2, 3-ஆவது கம்பிகளைத் தடித்த கம்பிகள் இருக்கும் பக்கம் தள்ளுங்கள்; 4, 5, 6-ஆவது கம்பிகளை எதிர்ப்பக்கம் இழுங்கள். இல்லையென்றால் கம்பி ஃபிரெட் பலகையின் விளிம்பைத் தாண்டி விழுந்துவிடும்.

ஸ்வரம் பாதியில் செத்துப்போனால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பக்கவாட்டில் தள்ளும் கவனத்தில் கீழ்நோக்கிய அழுத்தம் தளர்ந்திருக்கும். பெண்டை விடுவிக்கும்போது ‘டொய்ங்’ என்று பக்கத்துக் கம்பி கத்தினால், அதை மூடும் விரல் இல்லை என்று பொருள். ஆள்காட்டி விரலின் நுனி பக்கத்துத் தடித்த கம்பியை லேசாகத் தொட்டிருக்க வேண்டும். அதற்கும் மேலே உள்ளவற்றை வலது உள்ளங்கையின் ஓரம் மூட வேண்டும். டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) போட்டால் இந்தச் சத்தம் பலமடங்காகும். அதனால் முதல் சில வாரங்களை டிஸ்டார்ஷன் இல்லாமலும், பிறகு வேண்டுமென்றே டிஸ்டார்ஷன் போட்டும் பழகுவது நல்லது. நாளைக்கு 10, 15 நிமிடம் போதும். விரல் நுனி எரிவது இயல்பு. மணிக்கட்டோ மூட்டோ வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

காதுக்கான பயிற்சி இப்படி. 2-ஆவது கம்பி 10-ஆவது ஃபிரெட்டை வாசியுங்கள்; அது ஏ (A) என்ற ஸ்வரம். அதை வாயால் பாடுங்கள். இப்போது 8-ஆவது ஃபிரெட்டிலிருந்து வளைத்து, பாடிய சுருதியில் நிறுத்தி, மூன்று நொடி பிடியுங்கள். அதன் பிறகே ட்யூனரை (சுருதி காட்டும் கருவி) பாருங்கள். முதலிலேயே ட்யூனரைப் பார்த்தால் கண் பழகும், காது பழகாது. 10 சென்டுக்குள் பத்தில் எட்டு முறை வந்தால் அடுத்த கம்பிக்குப் போகலாம்.

ட்யூனரே இல்லாமல் சோதிக்க இன்னும் அழகான வழி யூனிசன் பெண்ட், அதாவது இரண்டு கம்பிகளை ஒரே சுருதியில் சேர்ப்பது. 2-ஆவது கம்பி 5-ஆவது ஃபிரெட் ஈ, சுமார் 330 ஹெர்ட்ஸ். 3-ஆவது கம்பி 7-ஆவது ஃபிரெட் டி. இரண்டையும் ஒன்றாக மீட்டி, 3-ஆவதை மட்டும் முழு டோன் வளைத்து ஈ-க்குக் கொண்டுவாருங்கள். இரண்டு சுருதியும் நெருங்க நெருங்க ‘வாவ்… வாவ்…’ என்று ஓசை அலையடிக்கும். நொடிக்கு எத்தனை அலையோ, அத்தனை ஹெர்ட்ஸ் வித்தியாசம். இந்தச் சுருதியில் நொடிக்கு இரண்டு அலை கேட்டால் ஏறத்தாழ 10 சென்ட் தவறு. அலை நின்றுவிட்டால் சேர்ந்துவிட்டீர்கள்.

வளைத்த ஸ்வரத்தின் மேல் வைப்ரேட்டோ (சுருதியைச் சீராக ஆட்டுவது) சேர்ப்பதில் ஒரு நுட்பம் உண்டு. ஃபிரெட்டில் நிற்கும் ஸ்வரத்தில் கம்பியைத் தள்ளி ஆட்டினால் சுருதி மேலே மட்டும்தான் போகும். ஒவ்வொரு ஆட்டத்திலும் தொடங்கிய இடத்துக்கு முழுதாகத் திரும்பவில்லை என்றால் மொத்தமும் சுருதி ஏறிக் கேட்கும். ஏற்கெனவே வளைத்துப் பிடித்திருக்கும் ஸ்வரத்தில் இது தலைகீழ்: சற்று விட்டு, மறுபடி இலக்குக்கே ஏற வேண்டும். உச்சி ஒவ்வொரு முறையும் ஒரே சுருதியாக இருக்கட்டும். மெட்ரோனோமை 60-இல் வைத்து ஒரு அடிக்கு நான்கு ஆட்டம் போட்டால் நொடிக்கு 4. பிறகு 75-க்கு ஏற்றினால் நொடிக்கு 5. ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி. பி. கிங்கின் வைப்ரேட்டோவை உற்றுக் கேட்டால் அகலமும் வேகமும் ஒரே சீராக இருப்பது தெரியும். தன் உறவினர் புக்கா ஒயிட் ஸ்லைடு (கம்பியின் மேல் வழுக்கும் குழாய்) வைத்து எழுப்பிய ஒலியை விரலால் கொண்டுவரப் பார்த்ததில் பிறந்தது அது.

கருவி செய்யும் சதி

எல்லாம் சரியாகச் செய்தும் சுருதி கெட்டால் கருவியைப் பாருங்கள். பெண்டை விட்ட பிறகு கம்பி சுருதி இறங்கி நின்றால், பெரும்பாலும் அது நட்டின் பள்ளத்தில் சிக்கியிருக்கிறது: வளைக்கும்போது அந்தப் பக்கமிருந்து நழுவி வந்த கம்பி திரும்பிப் போகவில்லை. நட்டுக்கு அப்பால் கம்பியை விரலால் ஒருமுறை அழுத்தி விடுங்கள். சுருதி பழைய இடத்துக்கு ஏறினால் நட்தான் குற்றவாளி. கம்பியைக் கழற்றி, பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகும். புதுக்கம்பி என்றால், மாட்டியவுடன் கையால் இழுத்து இழுத்து, இறங்குவது நிற்கும்வரை ட்யூன் செய்ய வேண்டும்.

மேல் ஃபிரெட்டுகளில் வளைக்கும்போது ஸ்வரம் சட்டென்று அடைத்துக்கொண்டால், கம்பி பலகையின் மேட்டில் உரசுகிறது. பழைய ஃபெண்டர் அமைப்பில் பலகையின் வளைவு ஆரம் 7.25 அங்குலம், நடுப்பகுதி மேடாக இருக்கும். 12 அங்குல ஆரத்தில் இந்தத் தொல்லை குறைவு. 12-ஆவது ஃபிரெட்டில் 1-ஆவது கம்பியின் உயரத்தை 1.6 மில்லிமீட்டரிலிருந்து 2-க்கு ஏற்றிப் பாருங்கள். ஸ்பிரிங்கில் மிதக்கும் ட்ரெமோலோ பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் ஒரு கம்பியை வளைத்தால் பிரிட்ஜே முன்னால் சாய்ந்து, மற்றக் கம்பிகள் சுருதி இறங்கும். அதில் யூனிசன் பெண்ட் சேர்ந்தாலும் உரிய சுருதிக்குச் சற்றுக் கீழேதான் சேரும்; உங்கள் காதைச் சந்தேகிக்காதீர்கள்.

இனி எந்த ஸ்வரத்தை நோக்கி வளைப்பது? ஏ மைனர் பென்டடோனிக்கை (ஐந்து ஸ்வர வரிசை) 5-ஆவது ஃபிரெட்டில் பிடித்து, ஏ மைனர், எஃப், சி, ஜி என்ற கார்டுகளை (பல ஸ்வரங்கள் சேர்ந்தொலிப்பவை) ஒரு கார்டுக்கு ஒரு அளவு (நான்கு தாள அடி கொண்ட ஒரு பார்) வீதம் ஓட விடுங்கள். 2-ஆவது கம்பி 8-ஆவது ஃபிரெட்டின் ஜி-யை வளைத்து ஏ-க்குப் போனால், ஏ மைனர் கார்டில் அது மூல ஸ்வரம், எஃப் கார்டில் இனிமையான மூன்றாம் ஸ்வரம். 3-ஆவது கம்பியின் டி-யை வளைத்து ஈ-க்குப் போனால் சி கார்டில் மூன்றாம் ஸ்வரமாக உட்காரும். ஜி கார்டு வரும்போது அதே ஈ-யைப் பிடித்து நிற்காமல், மெல்ல விட்டு டி-க்கு இறங்குங்கள். அது ஜி-யின் ஐந்தாம் ஸ்வரம். ஒரு கார்டுக்கு ஒரே ஒரு பெண்ட், நான்கு அளவுக்கு நான்கே ஸ்வரம். இதைச் செல்பேசியில் பதிவுசெய்து, கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். வாசிக்கும்போது விரலின் உழைப்பு காதை மறைத்துவிடும். பதிவில் 20 சென்ட் குறைந்த பெண்ட் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும், அடுத்த நாள் எந்தக் கம்பியில் தொடங்க வேண்டும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.