கடைசி இலக்கம் மட்டும் பூஜ்யம்

இந்த மாதத்தில் இதே சிக்கலோடு வருபவர் இவர் மூன்றாவது. கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப்பிள்ளை லேப்டாப்போடு வந்தார். "இலை கொடுத்தவர்களுக்குப் பணம் போட்டதில் பாதிப் பேருக்குத் திரும்பி வந்துவிட்டது சார், பேங்க்கில் ஏதோ கோளாறு." எக்செல் கோப்பைத் திறந்தேன். பதினாறு இலக்கக் கணக்கு எண்கள் அத்தனையும் பூஜ்யத்தில் முடிந்திருந்தன.

பேங்க்கைத் திட்டாதீர்கள். எக்செல் ஓர் எண்ணில் முதல் 15 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும், மிச்சமெல்லாம் பூஜ்யம். வேண்டுமானால் 9007199254740993 என்று அடித்து, மேலே ஃபார்முலா பட்டையைப் பாருங்கள். 3 போய் 0 நிற்கும். இதைச் சும்மா எடுக்கவில்லை. 2-இன் 53-ஆம் அடுக்கை விட ஒன்று கூடுதலான எண். எக்செல் எண்களை வைக்கும், பின்னமும் அடங்கும் 64 பிட் மிதவைப்புள்ளி (floating point) இடத்தில், ஒன்றுகூட விடுபடாமல் முழு எண்கள் அடங்குவது அந்த அடுக்கு வரைதான். இதற்கு அங்கே இடமே இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் 78, பூஜ்யமான பிறகு 75. இரண்டுமே மூன்றால் வகுபடும், ஆக இலக்கக் கூட்டலை மூன்றால் வகுத்துப் பார்க்கும் பழைய சோதனையும் ஏமாந்துவிடும்! ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் வெர்ஹோஃப் முறையில் போட்ட காவல் இலக்கம். ஓர் இலக்கம் மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். வங்கிக் கணக்கு எண்ணுக்கு எல்லா வங்கிக்கும் பொதுவான காவல் எதுவும் கிடையாது.

எனக்கு எரிச்சல் வருவது இதற்குத்தான்: "செல்லை டெக்ஸ்ட் ஆக்கிட்டேன் சார், இப்ப சரியாயிடும்." அதாவது, கட்டத்தை எண் வடிவத்திலிருந்து எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டாராம். ஆகாது. அந்த இலக்கம் ஒளிந்திருக்கவில்லை, போய்விட்டது. தூளான பிறகு கொழுந்தாக்க முடியுமா? கட்டத்தின் வடிவத்தை நம்பர் என்று மாற்றினால், எண்ணைச் சுருக்கிக் காட்டும் இ பிளஸ் 15 (E+15) போய்ப் பதினாறு இலக்கமும் தெரியும். அதைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறார்கள், கடைசியில் இருப்பது பொய்ப் பூஜ்யம். "அதிகபட்சம் ஒன்பதுதானே வித்தியாசம்" என்று கேட்டவரும் உண்டு. ஆயிரம் லட்சம் கோடியைத் தாண்டிய தொகையில் ஒன்பது ஒன்றுமில்லை, சரி. ஆனால் கணக்கு எண் தொகையா? யாராவது இரண்டு கணக்கு எண்களைக் கூட்டுவார்களா? அது பெயர் மாதிரி. ஓர் எழுத்து மாறினால் வேறு ஆள்.

காலியாக இருக்கும்போதே கணக்கு எண் வரும் நெடுவரிசை முழுவதையும் டெக்ஸ்ட் ஆக்குங்கள், அப்புறம் அடியுங்கள். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) டபுள் கிளிக் செய்து எக்செலில் திறக்காதீர்கள்; நோட்பேடில் சரியாக இருந்ததும் அங்கேதான் கெடுகிறது. பணம் அனுப்பும் முன் கடைசி இலக்கங்களை மட்டும் மேலிருந்து கீழே ஒரு ஓட்டம் பாருங்கள். வரிசையாகப் பூஜ்யம் வந்தால் நிறுத்துங்கள். கெட்ட பட்டியலைச் சரிசெய்ய வேறு வழியில்லை, ஒவ்வொருவர் பாஸ்புக்கையும் வாங்கித்தான் மறுபடி அடிக்க வேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் பேங்க் தடுக்கும் என்று இருந்துவிடாதீர்கள், தயவுசெய்து. வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் (NEFT) முறையில் பணம் விழுவது எண்ணைப் பார்த்து.

கணக்குப்பிள்ளையின் பட்டியலில் கெட்டுப்போன எண்களுக்குப் போட்டதில் மற்றதெல்லாம் திரும்பி வந்தது. ஒரு தொகை மட்டும் நிஜமாகவே பூஜ்யத்தில் முடியும் யாரோ ஒருவர் கணக்கில் விழுந்துவிட்டது. அது கட்டபெட்டில் இலை கொடுக்கும் ஒரு பாட்டியின் பணம். அவர் இன்னும் காத்திருக்கிறார்.