பெப்டைடு எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும்? கணினி கணக்குப் போடும் விதம்

நம் செல்களில் பி53 என்றொரு புரதம் உண்டு. டிஎன்ஏ சேதமடைந்த செல்லை மேற்கொண்டு பிரியவிடாமல் நிறுத்துவது அதன் வேலை. சேதம் மிஞ்சிப்போனால் அந்தச் செல்லையே சாகவைக்கும். புற்றுநோய்க் கட்டிகளில் ஏறக்குறையப் பாதியில் பி53 மரபணுவே கெட்டுப்போயிருக்கும். மீதியில் சிலவற்றில் பி53 நன்றாகத்தான் இருக்கும், ஆனால் எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் அளவுக்கு மீறிப் பெருகி அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிவிடும். அந்தப் பிடியை விடுவிக்க முடிந்தால் செல்லின் சொந்தக் காவலே திரும்பக் கிடைக்கும்.

பிடி எப்படிப்பட்டது என்பதை 1996இல் வெளியான படிக அமைப்பு, அதாவது புரதத்தைப் படிகமாக்கி அணுக்களின் இடங்களைக் கண்டெடுத்த படம், காட்டியது. பி53இன் ஒரு சின்னத் துண்டு சுருளாகி எம்டிஎம்2இன் பள்ளத்தில் உட்காருகிறது. முக்கால்வாசி வேலையை மூன்று அமினோ அமிலங்கள் செய்கின்றன: 19ஆம் இடத்து ஃபீனைல்அலனின், 23ஆம் இடத்து டிரிப்டோஃபான், 26ஆம் இடத்து லியூசின். சரி, அதே மாதிரி ஒரு பெப்டைடு, அதாவது சில அமினோ அமிலங்களைக் கோத்த குட்டிச் சங்கிலி, செய்து பள்ளத்தை அடைத்துவிட்டால் பி53 தப்பிக்குமே?

யோசனை சரிதான். ஆனால் எந்தப் பெப்டைடு? பூட்டுக்கு ஏற்ற சாவியைத் தேடுவதுபோல என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். இங்கே அது உதவாது. தண்ணீரில் தனியாக இருக்கும்போது பி53 துண்டுக்கு நிலையான வடிவமே கிடையாது, பள்ளத்தில் சேரும்போதுதான் சுருள்கிறது. பள்ளமும் அதற்கேற்ப விரிந்து கொடுக்கிறது. அமினோ அமிலங்களிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், நீர்விலக்கும் பக்கச் சங்கிலிகளைச் சுற்றி அடங்கியிருந்த நீர் மூலக்கூறுகள் அப்போது விடுபடுகின்றன, அது பிணைப்புக்குச் சாதகம். பெப்டைடு தன் அசையும் சுதந்திரத்தை இழக்கிறது, அது பாதகம். இந்த வரவு செலவில் மிஞ்சுவதே பிணைப்பு ஆற்றல். உறைந்துபோன ஒரு படத்தில் அதைப் படிக்க முடியாது.

அதனால்தான் மூலக்கூறு இயக்கவியல். புரதம், பெப்டைடு, சுற்றிலும் தண்ணீர், உப்பு அயனிகள் என்று ஒவ்வோர் அணுவையும் கணினியில் வைத்து, ஒன்றின் மேல் ஒன்று செலுத்தும் விசையைக் கணக்கிட்டு, நியூட்டன் விதிப்படி அணுக்களை இம்மியளவு நகர்த்துவார்கள். அப்புறம் விசைகளை மறுபடி கணக்கிடுவார்கள். இப்படி ஒரு முறை நகர்த்துவது ஓர் அடி. ஒரு அடிக்கு வழக்கமாக 2 ஃபெம்டோ வினாடி (ஒரு வினாடியைப் பத்து கோடி கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோ வினாடி); அதற்கு மேல் நீட்டினால் அணுக்களின் வேகமான அதிர்வுகளைத் தவறவிட்டுக் கணக்கு சிதறிவிடும். ஒரு மைக்ரோ வினாடியை, அதாவது வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைப் பார்க்க 50 கோடி அடிகள் வேண்டும். 1977இல் முதன்முதலாக ஒரு புரதத்துக்கு இதைச் செய்தபோது கிடைத்தது 9.2 பிக்கோ வினாடிதான் (ஒரு பிக்கோ என்பது ஆயிரம் ஃபெம்டோ). அதைச் செய்த குழுவில் இருந்த மார்ட்டின் கார்ப்ளஸ் 2013இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இன்றைக்கும் நேரம்தான் தடை. இறுகப் பிடித்த பெப்டைடு தானாக விடுபட வினாடிகள்கூட ஆகலாம். அதுவரை கணினியைக் காத்திருக்கவைக்க முடியாது. இதற்கு ஓர் அழகான குறுக்குவழி இருக்கிறது. பெப்டைடில் ஓர் அமினோ அமிலத்தைச் சிறிது சிறிதாக இன்னொன்றாக உருமாற்றுவார்கள், இயற்கையில் நடக்கவே நடக்காத ஒன்று. பெப்டைடு பள்ளத்தில் இருக்கும்போது ஒரு முறை, தண்ணீரில் தனியாக இருக்கும்போது ஒரு முறை. இரண்டு ஆற்றல்களையும் கழித்தால், அந்த மாற்றம் பிடியை எவ்வளவு இறுக்கும் அல்லது தளர்த்தும் என்பது கிடைத்துவிடும். பெப்டைடு பள்ளத்துக்குள் நுழைவதையோ வெளியேறுவதையோ பார்க்கவே தேவையில்லை. ஆற்றல் பாதையைப் பொறுத்ததல்ல, தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் பொறுத்தது என்ற வெப்ப இயக்கவியல் விதியை இதைவிட அழகாகப் பயன்படுத்திய இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் விடையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. அறை வெப்பநிலையில் ஒரு மோலுக்கு 1.4 கிலோகலோரி வித்தியாசம் என்றாலே பிணைப்பு வலிமை பத்து மடங்கு மாறுகிறது. விசைகளைத் தோராயமாகக் கணக்கிடும் சூத்திரங்களில் ஒரு கிலோகலோரி பிழை சாதாரணம். ஆகவே ஐம்பது பெப்டைடுகளில் முயலத் தகுந்த ஐந்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அந்த ஐந்தில் எது முதலிடம் என்பதை ஆய்வகத்தில் அளந்துதான் சொல்ல வேண்டும்.

பக்கச் சங்கிலிகளுக்கிடையே ஹைட்ரோகார்பன் (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட) பாலம் போட்டுச் சுருளை முன்கூட்டியே பூட்டிவைக்கும் பெப்டைடுகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகக் கைகொடுக்கிறது. சுதந்திரத்தை இழக்கும் செலவில் ஒரு பகுதி அங்கே முன்பே தீர்ந்துவிடுகிறது. பாலத்தை எந்த இடத்தில் போட்டால் அது பள்ளத்தின் ஓரத்தில் இடிக்காது என்பதையும் ஓடவிட்டுப் பார்க்கலாம். எம்டிஎம்2ஐக் குறிவைத்த இவ்வகைப் பெப்டைடு ஒன்று, ஏஎல்ஆர்என்-6924, மனிதரிடம் நடத்தும் சோதனை வரை போயிருக்கிறது.