திரையில் வந்த வாளுக்கு அளவெடுப்பது எப்படி?

1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் லூக் ஸ்கைவாக்கர் கையில் பிடித்திருக்கும் ஒளிவாளின் கைப்பிடி, உண்மையில் பழைய பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் ஃபிளாஷ் கைப்பிடி. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் இயங்கிய கிராஃப்லெக்ஸ் நிறுவனம் தன்னுடைய பெரிய கேமராக்களுக்காக அதைச் செய்தது. படத்தின் அரங்கப் பொருள்களுக்குப் பொறுப்பேற்றிருந்த ராஜர் கிறிஸ்டியன், லண்டனில் ஒரு கேமராக் கடையில் அதைக் கண்டெடுத்தார். கறுப்பு நிறத்தில் ஆங்கில 'T' எழுத்து வடிவப் பட்டைகளை நீளவாக்கில் ஒட்டினார். நடுவில் இருந்த கவ்வியில், ஒரு கால்குலேட்டரிலிருந்து பிரித்தெடுத்த பிளாஸ்டிக் துண்டைச் செருகினார். அவ்வளவுதான். அந்தப் படத்தின் கலை இயக்கத்துக்குக் கிடைத்த ஆஸ்கரில் அவருக்கும் பங்கு உண்டு.

இன்று அந்த வாளைத் திரையில் கண்டபடியே, ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் செய்ய உலகெங்கும் பலர் பாடுபடுகிறார்கள். அவர்களிடம் படத்தின் வரைபடங்கள் இல்லை, அசல் பொருளும் இல்லை. இருப்பவை சில நொடிக் காட்சிகளும் கொஞ்சம் புகைப்படங்களும் மட்டுமே. அதை வைத்து ஒரு பொருளின் அளவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது அருமையான அறிவியல். அதன் அடிப்படை ஒன்றுதான்: படத்தில் தெரியும் ஒரு பாகம் எந்தத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது என்று தெரிந்துவிட்டால், அந்தப் பாகமே மற்ற எல்லாவற்றுக்கும் அளவுகோல் ஆகிவிடும்.

முதலில் அந்த ஃபிளாஷ் கைப்பிடியைப் பார்ப்போம். அதன் வடிவத்தைத் தீர்மானித்தது எந்த ஓவியரும் அல்ல, அதற்குள் போகும் மூன்று டார்ச் பேட்டரிகள். பெரிய டார்ச்சில் போடும் டி-செல் பேட்டரியின் விட்டம் அதிகபட்சம் 34.2 மி.மீ., நீளம் 61.5 மி.மீ. மூன்றை வரிசையாக அடுக்கினால் 184.5 மி.மீ. ஆகவே குழாயின் உட்புறம் 34 மி.மீ.க்குச் சற்று அதிகமாக இருந்தாக வேண்டும். நீளம் மூன்று பேட்டரிகளையும் ஒரு சுருள்வில்லையும் மேலே பல்பு மாட்டும் இடத்தையும் கொள்ள வேண்டும். கிராஃப்லெக்ஸ் கைப்பிடியைக் கண்ணால் பாராத ஒருவர்கூட, பக்கத்துக் கடையில் ஒரு பேட்டரி வாங்கி அதன் பருமனை ஏறத்தாழச் சொல்லிவிடலாம்.

மூன்று பேட்டரிகள் சேர்ந்து தரும் 4.5 வோல்ட் எதற்கு? அக்கால ஃபிளாஷ் பல்பு ஒரே ஒருமுறை எரிவது. கண்ணாடிக் குமிழுக்குள் ஆக்சிஜனை அடைத்து, மெல்லிய அலுமினியத் தகட்டையோ இழையையோ நிரப்பியிருப்பார்கள். மின்சாரம் பாய்ந்ததும் நடுவிலுள்ள கம்பி சூடேறி, அதன்மேல் பூசிய பற்றுமருந்து பிடித்துக்கொள்ளும். உலோகம் ஆக்சிஜனில் ஒரேயடியாக எரிந்து தீரும். பரவலாகப் பயன்பட்ட வகைப் பல்புகள் உச்ச ஒளியை எட்டச் சுமார் 20 மில்லிவிநாடி ஆகும். அதனால் கேமராவின் கதவு அந்த அளவு தாமதித்துத் திறக்க வேண்டும். கைப்பிடியில் இருக்கும் சிவப்புப் பொத்தான் பல்பை எரியவைப்பதற்கானது. ஒரு கையால் பிடித்து, கட்டைவிரலால் அழுத்த ஏதுவான இடத்தில் அதை வைத்திருக்கிறார்கள். திரையில் லூக் அதைப் பிடிக்கும்போது பிடி இயல்பாகத் தெரிவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். மனிதக் கைக்காக யோசித்துச் செய்த பொருள் அது. அந்த யோசனை வாளுக்கும் இலவசமாகக் கிடைத்துவிட்டது.

செனான் வாயு நிரப்பிய மின்னணு ஃபிளாஷ் பரவிய பிறகு இந்தக் கைப்பிடிகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. 1970களின் நடுவில் அவை மலிவாகக் கிடந்தன.

அந்தக் கால்குலேட்டர் துண்டும் சாதாரணமானதல்ல. அது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் எக்ஸாக்ட்ரா கால்குலேட்டரின் திரைக்கு மேல் இருக்கும் குமிழ்வரிசை. 1970களின் தொடக்கத்தில் கால்குலேட்டர் எண்கள் சிவப்பு எல்.ஈ.டி.க்களால் ஒளிர்ந்தன. அவற்றைச் செய்த காலியம் ஆர்சனைடு பாஸ்பைடு என்ற குறைகடத்தி விலை கூடியது. எண் பெரிதானால் விலையும் ஏறும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். ஆகவே எண்களை மிகச் சிறிதாகச் செய்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு குட்டி உருப்பெருக்கி வில்லையை வைத்தார்கள். வரிசையாகத் தெரியும் அந்தக் குமிழ்கள் ஒவ்வொன்றும் ஒரு லென்ஸ். பின்னால் வந்த திரவப் படிகத் திரைக்கு இந்த வில்லைகள் தேவைப்படவில்லை. ஒரு கைப்பிடிக்குள் இருவேறு காலங்களின் மின்னியல் சந்தித்திருப்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இப்போது அளவெடுக்கும் வேலைக்கு வருவோம்.

புகைப்படம் நீளத்தைச் சொல்வதில்லை, விகிதத்தை மட்டுமே சொல்லும். அருகிலுள்ள சிறிய பொருளும் தொலைவிலுள்ள பெரிய பொருளும் ஒரே அளவில் பதியலாம். ஆனால் குழாயின் வெளிவிட்டம் 38 மி.மீ. என்று தெரியும், படத்தில் அது 190 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு மில்லிமீட்டருக்கு 5 பிக்சல். அதே படத்தில் பெயர் தெரியாத ஒரு வளையம் 145 பிக்சல் இருந்தால், அது 29 மி.மீ.

கணக்கு எளிது, ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. அளவுகோலும் அளக்கப்படும் பாகமும் கேமராவிலிருந்து ஒரே தொலைவில் இருக்க வேண்டும். கேமரா 1 மீட்டர் தள்ளி நிற்க, வளையம் 5 செ.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால், அளவு ஏறத்தாழ 5 சதவீதம் பெரிதாகத் தெரியும், 29 மி.மீ. என்று நாம் கண்டது உண்மையில் 27.5 மி.மீ.தான். அதே 5 செ.மீ., கேமரா 3 மீட்டர் தொலைவில் இருந்தால் 2 சதவீதப் பிழைக்கும் குறைவு. அதனால்தான் அனுபவசாலிகள், மிக அருகில் எடுத்த கவர்ச்சியான படத்தைவிடத் தொலைவிலிருந்து எடுத்த தெளிவான படத்தை நம்புகிறார்கள்.

படச்சுருளின் சட்டகத்தை நேரடியாக அளப்பதில் இன்னும் இரண்டு இடர்கள். ஒன்று அசைவு. நொடிக்கு 24 சட்டகம் ஓடும் கேமராவில் ஒவ்வொன்றும் வழக்கமாக நொடியில் 48இல் ஒரு பங்கு நேரம் ஒளியை வாங்குகிறது. அந்த நேரத்தில், நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் அசையும் கை 2 செ.மீ. நகர்ந்துவிடும். வாள்வீச்சுக் காட்சியில் மில்லிமீட்டரைத் தேடுவதில் பொருளே இல்லை. இன்னொன்று, 'ஸ்டார் வார்ஸ்' அகலத்திரைப் படம். அனமார்ஃபிக் லென்ஸ் காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிப் படச்சுருளில் பதிக்கும். திரையரங்கில் மறுபடி இரண்டு மடங்காக விரிப்பார்கள். இந்த நெருக்கம் எல்லா இடத்திலும், எல்லாத் தொலைவிலும் துல்லியமாக இரண்டாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. குறுக்குவாட்டில் எடுத்த அளவை நெடுக்குவாட்டில் அப்படியே பயன்படுத்தினால் தப்பாகிவிடலாம். எனவே படப்பிடிப்புத் தளத்தில் விளம்பரத்துக்காகச் சாதாரணக் கேமராவில் எடுத்த புகைப்படங்களுக்குத்தான் மதிப்பு அதிகம்.

இந்த முறையின் முழு அழகும் அதே படத்தில் வரும் ஓபி-வான் கெனோபியின் வாளில் தெரிகிறது. அது ஒரே பொருளல்ல, பலவற்றின் கூட்டு. பிடியின் பெரும்பகுதி முதல் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் எறிகுண்டான, துப்பாக்கியிலிருந்து ஏவப்படும் எண் 3 ரைஃபிள் கிரனேட். வெடித்ததும் துண்டு துண்டாகச் சிதற வேண்டும் என்பதற்காக அதன் உடலில் வெட்டிய பள்ளங்கள், திரையில் கைக்குப் பிடிமானமாகத் தோன்றுகின்றன. நுனியில் இருப்பது ரோல்ஸ் ராய்ஸ் ஜெட் எஞ்சினின் சமன்குழாய். அடிப்பக்கத்தில் பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கியின் முகப்புப் பாகம் ஒன்று. கடைசியில், ஆர்மிட்டேஜ் ஷாங்க்ஸ் நிறுவனத்தின் குளியலறைக் குழாய்த் திருகு. நடுவில் அதே கிராஃப்லெக்ஸ் கவ்வி.

சமன்குழாய் என்பது என்ன? தொடக்க கால ஜெட் எஞ்சின்கள் சிலவற்றில் எரிபொருள் எரியும் அறைகள் தனித்தனி உருளைகளாக எஞ்சினைச் சுற்றி அமைந்திருந்தன. ஒவ்வோர் அறைக்கும் தீப்பொறி வைக்கவில்லை. ஓரிரண்டில் மட்டும் பற்றவைத்தால், அறைகளை இணைக்கும் சிறு குழாய்களின் வழியாகத் தீ அடுத்தடுத்த அறைக்குத் தாவும். எஞ்சின் ஓடும்போது அறைகளுக்கிடையே அழுத்தம் ஏறத்தாழ ஒன்றாக இருக்கவும் அவை உதவின. சுடர் பாய்ந்த குழாய் ஒளி பாயும் வாளின் வாயாக அமைந்திருக்கிறது. செய்தவர்கள் அதை எண்ணிச் செய்தார்களா என்பது வேறு விஷயம். பொருத்தம் மட்டும் அபாரம். அதே குடும்பத்து டெர்வென்ட் எஞ்சினின் எரியறை ஒன்று, முதல் படத்தில் மதுக்கூடக் காட்சியில் பானம் வடிக்கும் இயந்திரமாக நிற்கிறது. 1980இல் வந்த அடுத்த படத்தில் ஐ.ஜி.-88 என்ற இயந்திர மனிதனுக்குத் தலையாகவும் ஆயிற்று.

இந்தப் பாகங்களை ரசிகர்கள் ஒரே நாளில் அடையாளம் காணவில்லை. கிரனேட் எது என்று தெரிந்ததும் அதன் விட்டம் கிடைத்தது. அதை வைத்து நுனியின் விட்டம் கணக்கிடப்பட்டது. அந்த விட்டத்துக்குப் பொருந்தாத நூறு பொருள்களைத் தேடல் வட்டத்திலிருந்து தள்ள முடிந்தது. கண்டுபிடித்த ஒவ்வொரு பாகமும் அடுத்ததற்கு அளவுகோல். அதே நேரத்தில் முந்தைய அளவைச் சரிபார்க்கும் சாட்சி. இரண்டு பாகங்களும் ஒரே விகிதத்தைச் சொன்னால் நம்பலாம். சொல்லாவிட்டால், ஒன்றை நாம் தவறாக அடையாளம் கண்டிருக்கிறோம் என்று பொருள். தொல்லியலாளர்கள் பானை ஓட்டைக் கொண்டு மண்ணடுக்கின் காலத்தைச் சொல்வதற்கு இது சற்றும் குறைந்ததல்ல.

முதுகில் சுமக்கும் கருவிக்கும் இதே வழிதான். 1984இல் வந்த 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' படத்தில் பேய் பிடிப்பவர்கள் சுமக்கும் பெட்டி, அமெரிக்க ராணுவத்தின் 'அலைஸ்' முதுகுப்பைச் சட்டத்தில் பொருத்தப்பட்டது. லட்சக்கணக்கில் ஒரே அளவில் செய்யப்பட்ட சட்டம் அது. அதை வாங்கிவிட்டால் பெட்டியின் உயரமும் அகலமும் பிடிபடும். அவர்கள் கையில் இருக்கும் பேயளவி, அயோனா நிறுவனத்தின் காலணி மெருகேற்றும் கருவி.

பழைய பாகம் எதுவும் இல்லாத இடத்தில் என்ன ஆகும்? 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் வெள்ளைக் கவசப் படைவீரனின் தலைக்கவசம் அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அவன் துப்பாக்கி ஸ்டெர்லிங் என்ற பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி. அதன் அளவுகள் எல்லோருக்கும் தெரிந்தவை. தலைக்கவசமோ படத்துக்காகவே செதுக்கி வார்த்தது. பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, இளகியதும் அச்சின்மேல் போட்டு, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் தகடு அச்சோடு ஒட்டிப் படியும். படியும்போது சில இடங்களில் தகடு அதிகம் இழுபட்டு மெலியும். ஆறும்போது சற்றுச் சுருங்கும். ஓரங்களைக் கையால் வெட்ட வேண்டும். ஒரே அச்சில் வந்த இரண்டு கவசங்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. எனவே அங்கே 'அசலைப் போல' என்றால் எந்த அசல் என்ற கேள்வி எழுகிறது.

நகலிலிருந்து நகல் எடுப்பது இன்னும் மோசம். ஒவ்வொரு முறை அச்செடுத்து வார்க்கும்போதும் பொருள் கொஞ்சம் சுருங்கலாம். ஒரு தலைமுறைக்கு 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 38 மி.மீ. மூன்றாம் தலைமுறையில் 36.9 மி.மீ. ஆகிவிடும். கையில் எடுத்தால் தெரியாது. அசல் கவ்வியை மாட்டிப் பார்த்தால் லொடலொடவென்று ஆடும்.

பழைய பாகங்களைத் தேடுபவர்கள் ஆபத்தையும் அறிந்திருக்க வேண்டும். பழைய கிரனேட்டின் உள்ளே மருந்து இல்லை என்று உறுதியாகத் தெரியாமல் தொடவே கூடாது. பழைய விமான மானிகளின் முள்ளிலும் எண்ணிலும் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருக்கலாம். ஒளிர்வைத் தரும் துத்தநாக சல்ஃபைடு காலப்போக்கில் செயலிழந்துவிடும். ரேடியத்தின் அரை ஆயுளோ சுமார் 1,600 ஆண்டுகள். ஒளி அணைந்திருக்கிறது என்பதால் கதிர்வீச்சு தீர்ந்துவிட்டது என்று ஆகாது. அப்படிப்பட்ட மானியைத் திறப்பதும் சுரண்டுவதும் வேண்டாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எஞ்சியிருக்கும் கிராஃப்லெக்ஸ் கைப்பிடிகளை அறுத்தும் துளையிட்டும் வாளாக்குவது எனக்கு ஏற்புடையதல்ல. ஒவ்வொரு கைப்பிடிக்கும் எங்கோ ஒரு கேமரா காத்திருக்கிறது, புகைப்பட வரலாறும் காத்திருக்கிறது. அசலை இரவல் வாங்கி, வெர்னியர் அளவியால் அளந்து, முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, பித்தளையில் கடைந்து முலாம் பூசிக்கொள்ளலாம். துல்லியம் துளியும் குறையாது.

செய்து முடித்த பிறகு சரிபார்க்கவும் கேமராவே போதும். முதலில் எந்தப் படத்தின் வாள் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். 1980இன் படத்தில் கவ்வியிலிருந்த குமிழ்வரிசை போய், மின்சுற்றுப் பலகையின் துண்டு வந்துவிட்டது. பிறகு தளத்தில் எடுத்த புகைப்படம் ஒன்றைத் தேர்ந்து, உங்கள் வாளை அதே கோணத்தில், கணித்த தொலைவில் வைத்துப் படம் எடுங்கள். இரண்டையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்று பொருத்துங்கள். குழாயின் ஓரங்கள் ஒன்றி, கவ்வி மட்டும் விலகினால் பிழை கவ்வியில். நுனிக்குப் போகப்போக எல்லாமே சீராக விலகிக்கொண்டே போனால், நீங்கள் கேமராவை வைத்த தொலைவுதான் தவறு.