பவர் சப்ளை: தமிழில் மின்வழங்கி

"ஆயிரம் வாட் பவர் சப்ளை மாட்டினால் கார்டு எரிந்துவிடாதா?" கேமிங் கணினியில் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு போட நினைப்பவர்கள் பலருக்கும் ஒரு கட்டத்தில் இந்தச் சந்தேகம் வரும். நியாயமான பயம்தான். சுவர் மின்சாரத்தை மாற்றிக் கணினிக்குத் தரும் அந்தப் பெட்டி ஆயிரம் வாட்டையும் விடாமல் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும் என்ற எண்ணத்தில் வரும் பயம் அது. சப்ளை என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

சப்ளைக்கு மூலம் 'சப்ளேரே' என்ற இலத்தீன் வினை. அதில் 'ப்ளேரே' என்றால் நிரப்புதல். 'சப்' என்ற முன்னொட்டுக்குக் கீழிருந்து என்று பொருள். இரண்டும் சேர்ந்து, குறைந்ததை நிரப்புதல் என்று ஆகிறது. சப்ளிமென்ட், கம்ப்ளீட் இரண்டிலும் இருப்பது இதே வேர். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் இந்தப் பொருள்தான் இருந்தது. 'கொடுத்தல்' என்ற பொதுப்பொருள் பிறகு ஏறியது.

இலங்கைத் தமிழில் பொருளியல் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தமிழ்நாட்டில் 'தேவையும் அளிப்பும்' என்று எழுதுவதை அங்கே 'கேள்வியும் நிரம்பலும்' என்பார்கள். என் கணக்கில், கணினிக்குள் நடப்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இணை இல்லை. கார்டு கேட்கிறது, பெட்டி நிரப்புகிறது. கார்டுக்காகப் பெட்டி நிலையாக வைத்திருப்பது 12 வோல்ட் அழுத்தத்தை மட்டும்தான். எத்தனை ஆம்பியர் ஓட வேண்டும் என்பது கார்டின் கையில் இருக்கிறது. மேசைத்திரை மட்டும் ஓடும்போது கொஞ்சமாக இழுக்கும், விளையாட்டு தொடங்கியதும் பல மடங்கு இழுக்கும். ஆயிரம் வாட் என்பது அந்தப் பெட்டியால் நிரப்ப முடிந்த உச்ச அளவு.

பவர் என்பதும் இலத்தீன்தான், இயலுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. இயற்பியலில் அதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் திறன் என்கின்றன, இலங்கையில் வலு என்கிறார்கள். ஆனால் 'பவர் கட்' என்று சொல்லும்போது நாம் திறனையா நினைக்கிறோம்? மின்சாரத்தைத்தான். பவர் சப்ளையிலும் அப்படியே. அதனால் 'திறன் வழங்கி' என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால் ஒட்டாது. 'மின்' என்று தொடங்குவதே சரி.

அப்புறம் 'வழங்கி'. வழங்கு என்ற வினைக்கு இன்று கொடு என்பதே முதலில் தோன்றும் பொருள். பழைய தமிழில் அதற்கு இயங்கு, உலவு என்ற பொருளும் உண்டு. குறளில் வரும் 'வளிவழங்கும்' என்பதற்குக் காற்று உலவுகின்ற என்று பொருள். கொடுப்பதும் ஓடுவதும் ஒரே வினையில் இருப்பது மின்சாரத்துக்கு அழகாகப் பொருந்துகிறது. வெறும் 'வழங்கி' என்று எழுதினால் மட்டும் குழப்பம் வரும். கணினித் தமிழில் சர்வரையும் வழங்கி என்கிறோம். ஆகவே மின்வழங்கி என்று சேர்த்தே எழுதுங்கள். மின்மாற்றி என்பது டிரான்ஸ்பார்மர், மின்னாக்கி என்பது ஜெனரேட்டர், அவை வேறு. 'மின்வழங்கல்' என்றால் செயல், 'மின்வழங்கி' என்றால் கருவி.

பழுதுபார்ப்பவர்கள் எஸ்எம்பிஎஸ் என்பார்கள். ஸ்விட்ச்டு மோட் பவர் சப்ளை என்பதன் சுருக்கம் அது. உள்ளே மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டுத் திறந்து மூடுவதால் அந்தப் பெயர். இன்றைய மேசைக்கணினிகளில் இருப்பவை இந்த வகைதான் என்பதால் மின்வழங்கி என்றாலே போதும்.

சரி, இரண்டு கார்டு கேட்பது எவ்வளவு? என்விடியா நிறுவனத்தின் ஜிபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3090 என்ற கார்டை எடுத்துக்கொள்வோம். 2020இல் வந்தது. அதற்கு அடுத்த 40 வரிசையில் இரண்டு கார்டுகளை இணைக்கும் என்விலிங்க் வசதியையே எடுத்துவிட்டார்கள். ஒரு கார்டு 350 வாட் என்றால் இரண்டுக்கு 700. செயலிக்கு (சிபியு) 200, மற்ற எல்லாவற்றுக்கும் 100 வைத்தால் மொத்தம் 1000. ஆனால் அதற்காக ஆயிரம் வாட் மின்வழங்கி வாங்கினால் போதாது. கார்டின் கேள்வி சீராக இருப்பதில்லை. சில மில்லிநொடிகளுக்குத் திடீரென்று மிக உயரப் போய் இறங்கும். 3090 ஒன்றுக்கே 750 வாட் மின்வழங்கியை என்விடியா பரிந்துரைத்தது. இரண்டு கார்டும் ஒரே கணத்தில் எகிறினால், நிரப்ப முடியாத மின்வழங்கி தன் பாதுகாப்புச் சுற்றால் கணினியை அணைத்துவிடும். விளையாட்டின் நடுவே திரை சட்டென்று இருண்டதும் பலர் முதலில் கார்டைத்தான் சந்தேகிப்பார்கள். இந்த ஜோடிக்கு 1300 வாட்டுக்குக் குறைவாக நான் பரிந்துரைக்க மாட்டேன். மின்வழங்கிகளுக்கென்று 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம் இந்த எகிறலைக் கணக்கில் எடுத்தது. அதன்படி, புதிய 16 பின் இணைப்புள்ள மின்வழங்கி தன் அளவைப்போல் இரு மடங்கை 100 மைக்ரோநொடிக்குத் தாங்க வேண்டும்.

பெட்டியின் மேல் போட்டிருக்கும் வாட், அது வழங்கும் அளவு, சுவரிலிருந்து வாங்கும் அளவு அல்ல. 90 விழுக்காடு பயனுறுதிறன் உள்ள மின்வழங்கி 1000 வாட் வழங்கும்போது சுவரிலிருந்து சுமார் 1111 வாட் வாங்கும். மிச்சம் வெப்பமாகப் போகிறது. 80 பிளஸ் முத்திரை சொல்வது இந்தப் பயனுறுதிறனை மட்டும்தான். அதை வைத்து முழுத் தரத்தையும் எடைபோட முடியாது.

மொத்த வாட்டைவிட முக்கியமானது லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே இருக்கும் ஆம்பியர் எண். கார்டும் செயலியும் அங்கிருந்துதான் இழுக்கின்றன. 1000 வாட் என்று பெரிதாக அச்சிட்டு, 12 வோல்ட்டில் 70 ஆம்பியர் மட்டும் போட்டிருந்தால், கார்டுகளுக்கும் செயலிக்கும் சேர்த்துக் கிடைப்பது 840 வாட்தான். கடைசியாகக் கேபிள். கார்டைச் செருகும் தாய்ப்பலகைத் துளை 75 வாட் தரும், ஒரு 8 பின் இணைப்பு 150 வாட். அப்படியானால் 350 வாட் கார்டுக்குக் குறைந்தது இரண்டு 8 பின் வேண்டும், இரண்டு கார்டுக்கு நான்கு. சில 3090களில் மூன்று வீதம் இருக்கும், அப்போது ஆறு. ஒரே கேபிளின் நுனியில் இரண்டாகப் பிரிந்திருக்கும் இணைப்பை இவ்வளவு இழுக்கும் கார்டுக்கு நம்பாதீர்கள். ஒவ்வொரு 8 பின்னுக்கும் மின்வழங்கியிலிருந்து தனிக் கேபிளே வரட்டும்.