சர்க்கரை இல்லாமல் உப்பு உள்ளே போகாது

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மாவுக்கு சுகர் உண்டு. இப்போது பேதி வேறு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் குளுக்கோஸ் எதற்கு? வெறும் உப்புத் தண்ணீர் போதாதா?"

போதாது. செல்லைச் சுற்றியிருப்பது கொழுப்புப் படலம். ஆக்சிஜன் தானாக நுழைந்துவிடும். மின்சுமை உள்ள சோடியமும் உருவில் பெரிய குளுக்கோசும் நுழையாது. புரதம்தான் வழிவிட வேண்டும். இதெல்லாம் பள்ளிப் பாடம்.

எனக்குப் பிடித்தது சிறுகுடலில் இருக்கும் எஸ்ஜிஎல்டி1 என்ற புரதம். பக்கிங்காம் கால்வாயில் படகு ஓடிய காலத்து மதகுகளைப் போல இதற்கும் இரண்டு கதவுகள். இரண்டும் ஒருசேரத் திறக்காது. முதலில் குடல் பக்கம் திறந்திருக்கும். இரண்டு சோடியம் அயனிகள் வந்து ஒட்டும். அவை ஒட்டிய பிறகுதான் குளுக்கோஸ் பொருந்துகிற இடம் சரியாக அமையும். குளுக்கோஸும் வந்ததும் புரதம் மொத்தமாகப் புரண்டு, வெளிக்கதவை அடைத்து உள்கதவைத் திறக்கும். செல்லுக்குள் சோடியம் குறைவு என்பதால் சோடியம் கழன்றுவிடும், குளுக்கோஸும் இறங்கிவிடும். காலிப் புரதம் மறுபடி குடல் பக்கம் திரும்பும். உள்ளே சோடியம் ஏறாமல் பார்த்துக்கொள்வது செல்லின் மறுபக்கத்துப் பம்பு: ஒரு ஏடிபி (செல்லின் எரிபொருள் மூலக்கூறு) செலவழித்து 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். உப்பும் சர்க்கரையும் போன பக்கம் தண்ணீரும் போகும்.

காலரா நச்சு குடலிலிருந்து குளோரைடையும் தண்ணீரையும் கொட்ட வைக்கிறது. இந்தக் கதவை மட்டும் அது கெடுப்பதில்லை. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் சலைன் பாட்டில் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. சோடியமும் குளுக்கோசும் ஜோடியாகப் போகின்றன என்று ராபர்ட் கிரேன் 1960இல் சொன்னது ஹாம்ஸ்டர் எலிக் குடலை ஆராய்ந்துதான். "எலிக் குடலுக்கெல்லாம் நிதியா?" என்று கோப்பைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் படிக்கலாம். பேதி என்றால் தண்ணீரே காட்டாதே என்னும் பெரியவர்களும்தான்.

அம்மாவுக்குத் தாராளமாகக் கொடுங்கள், லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், சுகரை மட்டும் அடிக்கடி பாருங்கள். ருசிக்காகச் சர்க்கரை கூட்டாதீர்கள். மிஞ்சிய சர்க்கரை குடலிலேயே தங்கித் தண்ணீரை வெளியே இழுக்கும். டாபாகிளிஃப்ளோசின் மாதிரி சுகர் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அது இதே குடும்பத்துச் சிறுநீரகப் புரதத்தை அடைத்துச் சர்க்கரையைச் சிறுநீரில் விடுவது. கூடவே தண்ணீரும் போகும். பேதி நிற்கும்வரை அதை நிறுத்த வேண்டுமா என்று டாக்டரிடம் இன்றே கேட்டுவிடுங்கள்.