கஞ்சி, கொஞ்சி, மஞ்சள்

புளியரையிலிருந்து ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "நாற்பது வருஷத்துக்கு முன்னால் கேட்ட சினிமா வசனத்தைப் பாதி எடுத்துக் கொடுத்தால் மீதியைத் தடங்கல் இல்லாமல் சொல்லிவிடுகிறேன். காலையில் வீட்டில் சொல்லி அனுப்பிய நாலு சாமானில் ரெண்டைக் கடை வாசலிலேயே மறந்துவிடுகிறேன். எனக்கு ஏதாவது கோளாறா?"

கோளாறு எதுவும் இல்லை. அவருக்குச் சுருக்கமாகப் பதில் எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் ஒரு கல்யாணத்துக்காகச் செங்கோட்டையிலிருந்து புனலூருக்குக் குடும்பத்தோடு ரயிலில் போக வேண்டி வந்தது. 2018இல் அகலப் பாதையாகி மறுபடி வண்டி ஓடத் தொடங்கிய அதே மலைப்பாதை. பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்ததும் எல்லோருடைய போனிலும் சிக்னல் போயிற்று. பொழுது போக வேண்டுமே என்று வசனம் சொல்லிப் படம் கண்டுபிடிக்கும் விளையாட்டை ஆரம்பித்தோம். யாரும் போனைப் பார்த்து ஏமாற்ற முடியாது என்பதால் சிக்னல் இல்லாத இடம்தான் இந்த விளையாட்டுக்கு ஏற்ற இடம்.

என் அக்கா மகன் எழுந்து நின்று கட்டபொம்மனாக மாறினான். 1959இல் வந்த படம், சக்தி கிருஷ்ணசாமியின் வசனம், சிவாஜியின் குரல். படத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வதே அவமானம் என்பதால், முழுதாகச் சொல்லிக் காட்டுவதுதான் போட்டி. "வானம் பொழிகிறது, பூமி விளைகிறது" வரை கம்பீரமாகப் போனவன், "களை பறித்தாயா? நாற்று நட்டாயா?" என்றான். எதிர் இருக்கையில் கடலை உரித்துக்கொண்டிருந்த அத்தை தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நடாத நாத்துக்கு எங்கலே களை பறிப்ப?"

பெட்டியே சிரித்தது. அத்தை அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பார் என்று தெரியாது. நாற்று நட்ட கை அது. வாசகர் கேள்விக்கான பதிலில் பாதி அந்த ஒரு வரியில் இருக்கிறது. மீதிப் பாதி காதில் இருக்கிறது.

முதலில், நமக்குத் தெரிந்த கதையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். கேட்ட சொற்கள் அப்படியே மூளையில் பதிவாவதில்லை. பொருள் தங்கும், சொல் உதிரும். ஜாக்குலின் சாக்ஸ் 1967இல் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு பத்தியை வாசிக்கக் கேட்க வைத்து, நடுவே வந்த ஒரு வாக்கியத்தைப் பிறகு கொஞ்சம் மாற்றிச் சொல்லி, இது முன்பு கேட்டதேதானா என்று கேட்டார். உடனே கேட்டால் எல்லா மாற்றமும் பிடிபட்டது. நடுவில் 80 அசை அளவுக்கு, அதாவது அரை நிமிடத்துக்கும் குறைவாக, வேறு பேச்சு வந்துவிட்டால் பொருள் மாறியதை மட்டும் கண்டுபிடித்தார்கள். சொல்லமைப்பு மாறியது பெரும்பாலும் தெரியவில்லை. மீண்டும் சொல்லும்போது, தங்கிய பொருளை வைத்து வாக்கியத்தை நாமே புதிதாகக் கட்டுகிறோம். துண்டு கிடைத்தால் மீதியை எழுப்பித் தரும் இந்த வேலையில் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. இதெல்லாம் பாடப்புத்தக விஷயம்.

அப்படிக் கட்டும்போது நாம் சேர்க்கும் சரக்கு சுவாரசியமானது. 1942இல் வந்த காசாபிளாங்கா படத்தில், பியானோக்காரரைப் பார்த்து 'மறுபடியும் வாசி, சாம்' என்று சொல்வதாக உலகமே மேற்கோள் காட்டுகிறது. படத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. 'வாசி, சாம்' என்பது உண்டு, 'மறுபடியும்' இல்லை. ஆனால் காட்சியின் பொருளே அதுதானே? பழைய காதலின் பாட்டு, நெடுநாள் கழித்து மறுபடியும். பொருளில் இருந்ததை நினைவு வாய்க்குள் கொண்டுவந்து வைத்துவிட்டது. 1980இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்திலும் இதே கதை. வில்லன் சொல்வது 'இல்லை, நான்தான் உன் அப்பன்'. மக்கள் அதற்கு முன்னால் 'லூக்' என்று பையன் பெயரை ஒட்டிவிட்டார்கள். காட்சியை விட்டு வெளியே வந்து பேசும்போது யாருக்கு யார் அப்பன் என்று கேட்பவனுக்குத் தெரிய வேண்டாமா? அதற்காக ஒட்டிய சீட்டு அது.

சரி, இப்படி உதிர்வதுதான் இயல்பு என்றால், கட்டபொம்மன் வசனம் மட்டும் ஏன் உதிரவில்லை? ஆறு வயதுப் பையனும் எழுபது வயது அத்தையும் ஒரே சொற்களை எப்படிச் சொல்கிறார்கள்? திரும்பத் திரும்பக் கேட்டோம் என்பது ஒரு காரணம்தான். இசைத்தட்டில் கேட்டோம், வானொலி ஒலிச்சித்திரத்தில் கேட்டோம், கோயில் கொடையில் குழாய் கட்டி மூன்று நாள் கேட்டோம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் தினமும் சொல்லும் புகாரையும் பத்து வருஷமாகக் கேட்கிறேன். ஒரு வாக்கியம்கூட அச்சு அசலாக நினைவில் இல்லை.

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த சோதனை வருகிறது. வாய்மொழிப் பாடல்கள் தலைமுறைகளைத் தாண்டி எப்படி நிற்கின்றன என்று ஆராய்ந்த டேவிட் ரூபின், வாண்டா வாலஸ் என்பவரோடு சேர்ந்து 1989இல் வெளியிட்டது. ஆங்கிலத்தில் பேய்க்கு 'கோஸ்ட்' என்று பெயர். 'கதையில் வரும் அமானுஷ்ய உயிர் ஒன்றைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் நூற்றுக்கு 14 பேர்தான் கோஸ்ட் என்றார்கள். 'போஸ்ட் என்பதோடு ஓசை ஒத்த சொல் ஒன்றைச் சொல்லுங்கள்' என்றால் 19 பேர். இரண்டு குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தார்கள். நூற்றுக்கு நூறு பேரும் கோஸ்ட் என்றார்கள்.

14ஐயும் 19ஐயும் கூட்டினால் 33தானே வர வேண்டும்? நூறு எப்படி வந்தது? இதை முதலில் படித்தபோது எழுந்து திண்ணையில் ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். நம் சொற்களில் செய்து பார்த்தால் விளங்கிவிடும். வயலில் வேலை செய்பவருக்கு வீட்டிலிருந்து எதைச் சுமந்து போவார்கள்? சோறு, கூழ், மோர், தண்ணீர், கஞ்சி, வெற்றிலை என்று அடுக்கலாம். இரண்டாம் எழுத்து 'ஞ்' ஆக வரும் சொற்கள் எவை? பஞ்சு, நெஞ்சு, இஞ்சி, மஞ்சள், வஞ்சி, கஞ்சி என்று அதுவும் போகும். இரண்டு பட்டியலிலும் இருக்கிற சொல் எது? கஞ்சி ஒன்றுதான். (இஞ்சி என்று சொல்ல வாயெடுத்தவர்கள் அதைச் சுமந்துபோய் வயலில் யாருக்கு ஊற்றுவார்கள் என்று யோசிக்கவும்.) ஒவ்வொரு குறிப்பும் தனியாக இருக்கும்போது பெரிய கூட்டத்தைக் காட்டி நம்மைத் திணற வைக்கிறது. இரண்டும் சேரும்போது மற்றதெல்லாம் தானாக விலகி ஒரே ஒரு ஆள் நிற்கிறான்.

இப்போது அந்த வசனத்தைக் கேளுங்கள். கழனி உழவருக்குக் கஞ்சிக் கலயம். அடுத்து கொஞ்சி விளையாடும் பெண்கள். அடுத்து மஞ்சள் அரைப்பது. கஞ்சி, கொஞ்சி, மஞ்சள்! எதுகை என்று தமிழாசிரியர் பிரம்போடு சொல்லிக் கொடுத்தது இதைத்தான். ஒரு சொல் வாயில் வந்ததும் அதன் இரண்டாம் எழுத்து அடுத்த சொல்லின் கையைப் பிடித்து இழுத்துவருகிறது. 'நாற்று நட்டாயா' என்பதில் ந-வுக்கு ந மோனை. மாமனா, மச்சானா என்று கேட்டபின் வருகிற வசவும் மகர வரிசையில்தான் வந்தாக வேண்டும், வருகிறது. இது ஓசைக் கயிறு.

இன்னொரு கயிறு பொருள். தண்ணீர் பாய்ச்சி, நாற்று நட்டு, களை பறித்து, வேலை செய்பவருக்குக் கஞ்சி கொண்டுபோவது வரை கேள்விகள் வயல் வேலை நடக்கிற வரிசையிலேயே போகின்றன. இந்தக் கயிறு அத்தைக்கு வடக்கயிறு. சென்னையில் வளர்ந்த அக்கா மகனுக்கு நூல்கயிறு. அவனுக்கு எதுகை, மோனை வரும் இடமெல்லாம் சரியாக வந்தது. நாற்றுக்கும் களைக்கும் நடுவே ஓசைக் கட்டு இல்லாததால் அங்கே அறுந்தது. ஒரே வசனத்தை இரண்டு பேர் தவறவிடும் இடங்களைக் குறித்துப் பார்த்தால், யாருக்கு எந்தக் கயிறு வலு என்று சொல்லிவிடலாம் போலிருக்கிறது. அன்று மீதிப் பயணம் முழுக்க அதைத்தான் செய்தேன். 'அங்கு', 'அல்லது', 'அன்றி' மாதிரியான இணைப்புச் சொற்களில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பாடம். ஓசையும் பிடிக்காது, பொருளும் பெரிதாகப் பிடிக்காது, அநாதைச் சொற்கள்.

மோனையைப் பற்றி இன்னொன்று. ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றுகொண்டு வெளியே வர மாட்டேன் என்கிறதல்லவா? ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் இருவரும் 1966இல் அதையே வரவழைத்துப் பார்த்தார்கள். அரிய சொற்கள் 49க்கு அகராதி விளக்கத்தை வாசித்துக் காட்டி, சொல்லைக் கேட்டார்கள். நாக்கு நுனியில் நிற்கும்போதும், அந்தச் சொல்லின் முதல் எழுத்தை நூற்றுக்கு 57 முறை சரியாகச் சொன்னார்களாம். முழுச் சொல் மறைந்திருக்கும்போதும் தலை மட்டும் வெளியே தெரிகிறது. ஆங்கிலக்காரர்கள் வரியின் வாலில் ஓசையைக் கட்டுகிறார்கள். நாம் மோனையையும் எதுகையையும் தலையில் கட்டுகிறோம். நினைவு எந்த முனையைப் பிடித்துக்கொண்டிருக்கிறதோ அந்த முனையிலேயே முடிச்சு போட்டிருக்கிறார்கள் நம் ஆட்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான், யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தெலுங்கிலும் மலையாளத்திலும் இரண்டாம் எழுத்தைக் கட்டும் பிராசம் உண்டு. தமிழுக்கு மட்டும் தனியாக மாலை போட முடியாது.

மலையாளம் என்றதும் ரயில் நினைவு வருகிறது. எங்கள் பெட்டியில் இருந்த புனலூர்க்காரர் ஒருவர், பெரியவர், ஆரியங்காவு தாண்டும்வரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கழுதுருட்டிப் பக்கம் பதின்மூன்று கண்ணறைப் பாலத்தில் வண்டி மெதுவாக ஊர்ந்தபோது, "நமக்கும் ஒண்ணு உண்டு" என்று ஆரம்பித்தார். "எல்லாத்தினும் அதின்றேதாய சமயமுண்டு தாசா." செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர், எங்கள் பெரியவர்களுக்கு மலையாளம் பாதி வீட்டுப் பேச்சு. நாலு பேர் ஒரே குரலில் "நாடோடிக்காற்று!" என்றார்கள். 1987 படம், துபாய் என்று நம்பிச் சென்னையில் இறங்கும் இரண்டு பேரின் கதை. நமக்கு இந்த புத்தி ஏன் முன்னாலேயே தோன்றவில்லை என்று தாசனாக வரும் மோகன்லால் கேட்பார். எல்லாவற்றுக்கும் அதனதன் நேரம் உண்டு என்று சீனிவாசன் பதில் சொல்வார்.

என் கயிற்றுக் கதைக்கு இங்கே சிக்கல். இதில் எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. திண்ணையில் யாரும் பேசுகிற பேச்சு. பின் எப்படி நிற்கிறது? இரண்டு காரணம் சொல்லலாம். ஜேனிஸ் கீனனும் உடன் இருந்தவர்களும் 1977இல், சோற்றுவேளைக் கலந்துரையாடலில் பேசியதைப் பிறகு கேட்டுச் சோதித்தார்கள். தகவல் சொன்ன வாக்கியங்களின் சொல்லமைப்பு மறந்துபோனது. கிண்டல், குத்தல் மாதிரி ஆளுக்கு ஆள் உரசிய வாக்கியங்களின் சொல்லமைப்பு தங்கியது. இரண்டாவது, கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2012இல் சுமார் ஆயிரம் படங்களின் வசனங்களைக் கணினியில் போட்டு அலசியது. ஒரே காட்சியில் ஒரே பாத்திரம் பேசியவற்றுள் புகழ்பெற்ற வரியையும் பெறாத வரியையும் ஒப்பிட்டார்கள். புகழ்பெற்ற வரிகளில் சொற்சேர்க்கை கொஞ்சம் புதிது, வாக்கிய எலும்புக்கூடு மிகச் சாதாரணம். அதோடு, காட்சியைவிட்டுக் கழற்றி வேறு இடத்தில் பொருத்த வசதியாக இருந்தன. கரண்டு தாமதமாக வந்தாலும், பெண்ணுக்கு வரன் தாமதமாக அமைந்தாலும் இந்த 'தாசா' வரியைச் சொல்லலாம். சொல்லச் சொல்ல மெருகேறும். ஆனால் கவனித்தேன்: அன்று பெட்டியில் சிலர் 'தாசா'வை முன்னால் போட்டார்கள், சிலர் பின்னால். ஓசைக் கயிறு இல்லாத இடத்தில் கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்கிறது.

ஒரு புலம்பல். இந்தச் சோதனைகளுக்கெல்லாம் என்ன செலவாகியிருக்கும்? ஒரு ஒலிப்பதிவுக் கருவி, பென்சில், காகிதம், மிஞ்சினால் ஒரு கணினி, பொறுமையான மனிதர்கள். பெரிய இயந்திரம் வாங்கும் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்கள், கொடை விழாக் குழாய் முன்னால் உட்கார்ந்து யார் எந்தச் சொல்லை மாற்றுகிறார்கள் என்று எழுதுகிறவனுக்கும் ஒரு ஜமுக்காளம் வாங்கிக் கொடுக்கலாம். பரீட்சை மாதம் வந்தால் ஞாபகசக்தி லேகியமும், பூசையில் வைத்த பேனாவும், மந்திரித்த கயிறும் அமோகமாக ஓடுகின்றன. கயிறுதான் வேண்டுமென்றால் எதுகையைப் பிடித்துக்கொள்ளலாம்; அதற்குத் தட்சணை கிடையாது.

இப்போது புளியரைக்காரரின் சாமான் பட்டியல். உளுந்து, சோப்பு, பேட்டரி செல், சீரகம். பொருள் வரிசையும் இல்லை, ஓசையும் இல்லை. நாலும் நாலு திசையில் நிற்கின்றன. ஒன்று இன்னொன்றைக் கூப்பிடாது. மறக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கல்யாணம் முடிந்து திரும்பும் அன்று, புனலூர்ச் சந்தையில் நானே இதைச் சோதித்துப் பார்த்தேன். வீட்டில் கேட்டது ஐந்து சாமான். கஞ்சிக்கு அரிசி, இஞ்சி, மஞ்சள் மூன்றையும் ஒரு வரியாக்கி, பஞ்சு என்று முடித்து, மனசுக்குள் கட்டபொம்மன் குரலில் கேட்டுக்கொண்டே போனேன். நாலும் பைக்குள் வந்துவிட்டன. ஐந்தாவது, சுவர்க் கடிகாரத்துக்கு செல். இதை எழுதும்போதும் எதிரே கடிகாரத்தில் மணி நாலு இருபது.